எழுதுவோர் நோவை எழுதி வைத்த வைத்தியர்: பெர்னார்டினோ ரமாட்சீனி (1633–1714)

பலெர்மோ நகரில் எம்மவர் குடியேறத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வந்தோர் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தும், முதியோரைப் பராமரித்தும், உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவியும் பிழைத்தனர். தாம் நின்றும் குனிந்தும் உழைத்த உழைப்பைத் தம் பிள்ளைகள் உழைக்கக் கூடாது, அவர்கள் கதிரையில் இருந்து வேலை பார்க்க வேண்டும் என்பதே அவர்களது வேண்டுதலாக இருந்தது. அந்த வேண்டுதல் இன்று பல வீடுகளில் நிறைவேறியிருக்கிறது. கணக்காளர் அலுவலகங்களிலும் தொலைபேசிச் சேவை நிலையங்களிலும் எமது பிள்ளைகள் கணனிக்கு முன் அமர்ந்திருக்கின்றனர்.

நாம் வசிக்கும் ஒரேத்தோ வீதியில், மாலை வேளையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இப்படியொரு காட்சியைக் காணலாம். நாள் முழுவதும் மூன்று வீடுகளைத் துடைத்துவிட்டு வந்த தாய் அடுப்படியில் நிற்கிறார். அலுவலகத்திலிருந்து வந்த மகள் கழுத்தைப் பிடித்தபடி படுத்திருக்கிறாள். இருந்து செய்யும் வேலைக்கு என்ன நோ வரும் என்று தாய் கேட்கிறார். மகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, தன் நோவைப் பற்றி அவளுக்கே சற்று வெட்கமாக இருக்கிறது. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் இளைஞரின் நிலையும் இதைப் போன்றதே. வேலை இல்லை, கட்டிலிற் சாய்ந்து கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தபடியே பொழுது கழிகிறது. நாரி பிடித்துவிட்டது என்று அவர்கள் சொன்னால் கேட்போர் சிரிக்கின்றனர்.

அந்தத் தாயின் கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்த இத்தாலி நாட்டில் ஒருவர் விடை எழுதி வைத்திருக்கிறார். தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று உலகம் போற்றும் பெர்னார்டினோ ரமாட்சீனியே அவர்.

ரமாட்சீனி 1633ஆம் ஆண்டு, வட இத்தாலியில் மொடெனா நகருக்கு அண்மையிலுள்ள கார்ப்பி என்ற ஊரிற் பிறந்தார். அங்கு இயேசு சபையினரின் பள்ளியிற் கற்றபின் பார்மா பல்கலைக்கழகத்திலே தத்துவமும் மருத்துவமும் பயின்று 1659இற் பட்டம் பெற்றார். பின்னர் ரோமாபுரி சென்று அன்ரோனியோ மரியா ரொசி என்ற வைத்தியரிடம் பயிற்சி பெற்று, ரோமுக்கு வடக்கேயுள்ள கனீனோ, மார்த்தா எனும் சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தார். சதுப்பு நிலம் சூழ்ந்த அப்பகுதியில் மலேரியாக் காய்ச்சல் அவரைப் பிடித்தது. உடல் நலிந்து சொந்த ஊருக்கே திரும்பினார். பிழைப்புத் தேடிப் போன இடத்தில் அந்தத் தொழிலே நோயைத் தந்தால் எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்திற் படித்து அறியவில்லை என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

1671இல் மொடெனா நகருக்குக் குடிபெயர்ந்தார். வெளியூரிலிருந்து வந்த அவருக்கு நகரத்து வைத்தியர்கள் சிலரோடு எழுத்துப் போர் நடத்தவும் நேர்ந்தது. ஆயினும் 1682இல் மன்னர் குடும்பத்தின் ஆதரவுடன் மொடெனா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியரானார். அந்நகரின் கிணற்று நீர், காற்றமுக்கம், வயல் வெளிகளிற் பரவிய காய்ச்சல்கள் எனப் பலவற்றை ஆராய்ந்தார். அவையெல்லாம் இன்று ஆராய்ச்சியாளருக்கு மட்டுமே உரியன. அவரது பெயரை நிலைநாட்டிய சம்பவம் அவரது சொந்த வீட்டின் மலக்குழியிலே நிகழ்ந்தது.

மொடெனாவில் வீடுகள் நெருக்கமாக இருந்தமையால், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மலக்குழிகளைத் துப்புரவு செய்வது வழக்கம். ஒருநாள் ரமாட்சீனியின் வீட்டில் அவ்வேலையைச் செய்த தொழிலாளி மிகுந்த அவசரத்துடன் வேலை செய்வதை அவர் கவனித்தார். எதற்காக இவ்வளவு வேகம், இளைப்பாறிச் செய்யலாமே என்று கேட்டார். தொழிலாளி குழியிலிருந்து தலையை உயர்த்தி, இதற்குள் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் நிற்பதன் துன்பம் நின்றவனுக்கே தெரியும், அது குருடாவதற்குச் சமம் என்று விடை கூறினார். அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்து மங்கியிருப்பதை ரமாட்சீனி கண்டார். இதற்கு என்ன மருந்து செய்வீர்கள் என்று மீண்டும் கேட்டார். வீட்டுக்குச் சென்று இருட்டறையில் மறுநாள் வரை இருப்பதும் வெந்நீராற் கண்ணைக் கழுவுவதுமே மருந்து என்ற பதில் வந்தது. நகரத் தெருக்களிற் கண்பார்வை இழந்து பிச்சையெடுப்போருட் பலர் ஒரு காலத்தில் இத்தொழிலைச் செய்தவர்கள் என்பது அதன் பின்னரே அவருக்கு உறைத்தது.

அக்காலத்துப் பேராசிரியர் ஒருவர் மலக்குழி துப்புரவு செய்பவருடன் நின்று பேசியதே பெரிய காரியம். ரமாட்சீனி அத்துடன் நிற்கவில்லை. செருப்புத் தைப்போர், தச்சர், நெசவாளர், சலவை செய்யும் பெண்கள் ஆகியோரின் வேலைத்தலங்களுக்கு நேரிற் சென்று பார்த்தார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய கேள்விகளைப் பண்டைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரற்றீஸ் வகுத்திருந்தார். அவற்றுடன் இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்றார் ரமாட்சீனி: நீர் செய்யும் தொழில் என்ன? ஏழையின் வீட்டுக்குச் செல்லும் வைத்தியர் நாடியைத் தொட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது என்பதும் அவரது கருத்து. நல்ல ஆசனம் இல்லாவிட்டால் முக்காலியிலே அமர்ந்து, முகமலர்ச்சியோடு பொறுமையாக விசாரிக்க வேண்டும் என்று எழுதினார்.

இவ்வாறு திரட்டியவற்றை 1700ஆம் ஆண்டு மொடெனாவிலே தொழிலாளரின் நோய்கள் பற்றிய நூலாக இலத்தீன் மொழியில் வெளியிட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதில் இடம்பெற்றன. ஈயமும் பாதரசமும் தரும் நஞ்சு, மாவும் தூசும் நெஞ்சுக்குச் செய்யும் கேடு ஆகியன அதில் இருப்பதில் வியப்பில்லை. நமக்கு வியப்பளிப்பது, வெறுமனே அமர்ந்திருப்பதும் வெறுமனே நிற்பதும்கூட நோய்க்குக் காரணங்கள் என்று அவர் தனித்தனி அத்தியாயங்கள் எழுதியதே. நஞ்சும் தூசும் இல்லாவிடினும், உடலை ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருப்பதும் ஓர் அங்கத்தையே ஓயாது அசைப்பதும் உடலைக் கெடுக்கும் என்பது அவரது துணிபு.

அமர்ந்து தொழில் செய்வோருக்கு உதாரணமாகத் தையற்காரரையும் செருப்புத் தைப்போரையும் அவர் காட்டினார். நாள் முழுவதும் வளைந்திருப்பதால் முதுகு கூனிவிடுகிறது. காலை மடக்கிக்கொண்டு தைப்பதால் தையற்காரரின் கால் விறைத்து, இடுப்பிலிருந்து தொடைவரை நோ இறங்குகிறது. திருநாளன்று இத்தொழிற் சங்கத்தார் இருவர் இருவராக ஊர்வலம் போகும்போது, கூனியும் நொண்டியும் அசைந்தும் செல்லும் அந்த வரிசை பார்ப்போருக்குச் சிரிப்பூட்டும் என்றும் எழுதியிருக்கிறார். இவ்விடத்தில் அவரது பேனை சற்று இரக்கமற்றுப் போய்விட்டது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் சிரித்துவிட்டு அவர் விலகவில்லை. இவர்கள் தொழிலை விட முடியாது, விட்டால் பட்டினி என்பதை அறிந்திருந்தார். எனவே ஓய்வு நாட்களிலாவது உடற்பயிற்சி செய்யுங்கள், பல நாள் இருந்ததன் கேட்டை ஒரு நாள் அசைவினாற் சிறிதளவாவது ஈடுசெய்யுங்கள் என்று அறிவுரை கூறினார்.

இதைப் படித்தபோது எமக்கு உடனே நினைவுக்கு வந்தது பெல்லெகிரீனோ மலை. 606 மீற்றர் உயரமான அம்மலைக் குகையில் உறையும் புனித றோசலியாவைத் தரிசிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையிலே எம்மவர் மலையேறுவதைப் பலெர்மோவாசிகள் எல்லோரும் அறிவர். சிலர் செருப்பும் அணிவதில்லை. சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாகவே ஏறுவர். நேர்த்திக்காக ஏறும் மலை நாரிக்கும் நல்லது என்று சொன்னால் பக்தர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம். ஆனால், ஓய்வு நாளில் மட்டும் நடந்தாற் போதும் என்று இன்றைய மருத்துவம் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வேகநடை போன்ற மிதமான உடலுழைப்பும், கிழமையில் இரு நாட்களாவது தசைகளை உரப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும். அத்துடன் அமர்ந்திருக்கும் நேரத்தையும் குறைக்க வேண்டும். ஒரேத்தோ ஆற்றுக்கென 12ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட அட்மிரல் பாலம், ஆறு வேறு வழியே திருப்பப்பட்டபின் இன்று உலர்ந்த தரையில் நிற்கிறது. எமது வீதியிலிருந்து மாலையில் அப்பாலம் வரை வேகமாக நடந்து திரும்பினாலே அந்த நாளுக்குரிய கணக்குத் தீர்ந்துவிடும்.

மீண்டும் ரமாட்சீனியிடம் வருவோம். நூல் வெளிவந்த அதே 1700ஆம் ஆண்டில், வெனிஸ் குடியரசின் கீழிருந்த பாதோவா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. நெஞ்சுப் படபடப்பும் தலையிடியும் அவரை வருத்தின, கண்பார்வையும் படிப்படியாகக் குன்றியது. கற்றோருக்கு வரும் நோய்கள் பற்றி முன்னர் எழுதிய அத்தியாயத்தைத் தன் உடலிலேயே அவர் படிக்க வேண்டியதாயிற்று. விலக விரும்பியபோதும் ஆட்சிமன்றம் அவரை விடவில்லை. இந்நிலையில் 1713இல், மேலும் பன்னிரண்டு தொழில்களைச் சேர்த்து நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். எமது பிள்ளைகளின் கதை அந்தச் சேர்க்கையிலேதான் இருக்கிறது. எழுதுவினைஞர், நொத்தாரிசுமார் ஆகியோரின் நோய்கள் பற்றி அதில் ஓர் அத்தியாயம் எழுதினார்.

எழுதுவோரின் நோய்க்கு மூன்று காரணங்களை அவர் கண்டார். ஒன்று, ஓயாது அமர்ந்திருத்தல். இரண்டு, கை எப்போதும் ஒரே திசையில் ஒரே விதமாக அசைந்துகொண்டிருத்தல். மூன்றாவது காரணத்தை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்: மனதின் இறுக்கம். கணக்கிற் பிழை விட்டால் எசமானுக்கு நட்டம் வந்துவிடுமே என்ற அச்சம் எழுதுபவனை விடாமற் பிடித்திருக்கிறது என்றார். வேலை ஒப்பந்தம் முடிந்தால் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாமற் போகலாம் என்ற பயத்துடன் விசைப்பலகையைத் தட்டும் இளைஞனின் தோள்கள் ஏன் காதுவரை உயர்ந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. வேலைப்பளுவும் மன அழுத்தமும் கழுத்து நோவையும் நாரி நோவையும் கூட்டும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

தனக்குத் தெரிந்த ஒரு நொத்தாரிசின் கதையையும் ரமாட்சீனி அங்கே பதிந்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் எழுதி நல்ல பணம் தேடியவர் அவர். முதலில் வலக்கையில் ஒரு சோர்வு தோன்றியது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. முடிவில் அந்தக் கை முற்றாகச் செயலிழந்தது. மனிதர் சளைக்காமல் இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் அதே நோய் இடக்கையிலும் தோன்றிவிட்டது.

கோழி மேய்த்தாலும் அரசாங்கத்தில் மேய்க்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்த சமூகம் எங்களுடையது. வெள்ளையர் காலத்திலே கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாப் புகையிரதப் பகுதிக்கும் யாழ்ப்பாணம் எத்தனையோ எழுதுவினைஞர்களை அனுப்பியது. அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகளை நாம் அறிவோம். அவர்களின் கைகளும் முதுகும் என்னவாயின என்று எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. மேசை உத்தியோகம் என்றாற் சுகம் என்ற எண்ணம் எமக்குள் அவ்வளவு ஊறியிருக்கிறது.

ரமாட்சீனி எழுதுவோருக்குச் சொன்ன பரிகாரம், மிதமான உடற்பயிற்சியும் கையை உருவிவிடுதலும் ஆகும். உருவிவிடுதல் சிறிது நேரச் சுகத்தைத் தரும். பயிற்சியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியென்று பின்னைய ஆய்வுகள் காட்டியுள்ளன. கழுத்து, தோள் நோவுடைய அலுவலக ஊழியர் 198 பேரைக் கொண்டு டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், நாளொன்றுக்கு இரண்டே நிமிடங்கள் ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்களுக்குப் பயிற்சி கொடுத்தோருக்கும் பத்து வாரங்களில் நோ குறைந்தது. பட்டையின் நடுவைக் காலால் மிதித்து, இரு முனைகளையும் கைகளிற் பிடித்து, கைகளைப் பக்கவாட்டிலே தோள்மட்டம் வரை மெதுவாக உயர்த்தி இறக்குவதே அப்பயிற்சி. பட்டை சில யூரோக்களுக்குக் கிடைக்கும், அகதி முகாமின் அறையிலும் செய்யலாம்.

அலுவலகத்தில் இருப்போர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து சில அடிகள் நடப்பது நன்று. நேராக நிமிர்ந்து கற்சிலைபோல் இருக்க வேண்டும் என்று எமது ஆசிரியர்கள் வற்புறுத்தியது பாதி மட்டுமே சரி. எவ்வளவு நல்ல இருக்கையானாலும் அசையாமல் நெடுநேரம் இருந்தால் நோகும். கணனித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணனி என்றால், அதைத் தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை ஒன்றைப் பூட்டிக்கொள்ளலாம். இடையிடையே நாடியை உள்ளிழுத்துப் பின்தலையை மேல்நோக்கி நீட்டி ஐந்து எண்ணுதல், தோட்பட்டைகளைப் பின்னோக்கி நெருக்கித் தளர்த்துதல், எழுந்து நின்று இடுப்பிற் கைவைத்து மெல்லப் பின்சாய்தல், கையை முன்னே நீட்டி மறுகையால் விரல்களைத் தன்பக்கம் இழுத்து இருபது வினாடி பிடித்தல் ஆகியவற்றைக் கதிரையை விட்டு அகலாமலே செய்யலாம். கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழுந்து அமர்ந்தால் தொடைகளும் இடுப்பும் உரம் பெறும். எதையும் நோவைப் பொறுத்துக்கொண்டு செய்யக் கூடாது.

இத்தாலியிலே கணனி முன் வேலை செய்வோருக்குச் சட்டமும் துணை நிற்கிறது என்பதை எம்மவரிற் பலர் அறியார். ஐரோப்பிய சமூகம் 1990இற் பிறப்பித்த பணிப்பை அடியொற்றி வந்த இந்நாட்டுச் சட்டம், இன்று 2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சட்ட ஆணையில் அடங்கியுள்ளது. கிழமைக்கு 20 மணித்தியாலங்கள் திரைமுன் வேலை செய்பவருக்கு இடைவேளை உரிமை உண்டு. அதன் நேரத்தைக் கூட்டு ஒப்பந்தம் வகுக்காத இடத்தில், தொடர்ச்சியான 120 நிமிட வேலைக்கு 15 நிமிடம் என்பது கணக்கு. அது வேலை நேரமாகவே கொள்ளப்படும், சம்பளத்தில் வெட்ட முடியாது. அந்தப் பதினைந்து நிமிடத்தையும் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தே கழிப்பது பெரும் அநியாயம்.

இரவில் விரல்கள் விறைத்து நித்திரை கலைதல், பிடித்த பொருள் கையிலிருந்து நழுவுதல், நோ கைவழியே அல்லது கால்வழியே இறங்குதல் போன்றவை தோன்றினால் பயிற்சியை நம்பியிராது வைத்தியரிடம் செல்ல வேண்டும். கால் பலமிழந்தாலோ சிறுநீர், மலத்தை அடக்க முடியாமற் போனாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வைத்தியரிடம் சென்றால், நாம் என்ன வேலையை எத்தனை மணித்தியாலம் செய்கிறோம் என்பதை அவர் கேளாவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். மொழி தெரியாதவர் ஒரு தாளில் எழுதுவித்துக் கொண்டு போகலாம். ரமாட்சீனி சேர்த்த அந்த ஒரு கேள்வி இன்றும் எல்லா மருத்துவ அறைகளிலும் கேட்கப்படுவதில்லை.

நாள் முழுவதும் நின்று துடைக்கும் தாயைப் பற்றியும் அவர் எழுதாமல் விடவில்லை. நின்று தொழில் செய்வோருக்குக் கால்களில் நாளம் புடைத்துச் சுருளும், ஆகவே இடையிடையே அமரவும் நடக்கவும் வேண்டும் என்பது அவரது முடிவு. அந்த ஒரேத்தோ வீதி வீட்டில் மாலையானதும் தாய் காலை உயர்த்தி வைத்து இருக்க வேண்டும், மகள் எழுந்து சமையலறைக்கு வர வேண்டும்.

ரமாட்சீனியின் நூல் 1705இல் ஆங்கிலத்திலும் 1777இற் பிரெஞ்சிலும் வெளிவந்தது. தம் கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை ஏறக்குறைய இல்லை. பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுவர், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆயினும் கற்பிப்பதை நிறுத்தவில்லை. 1714ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், மாணவருக்கு விரிவுரையாற்றச் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில் மூளைத் தாக்கு ஏற்பட்டு, எண்பத்தொராவது வயதிற் காலமானார். பாதோவாவில் கன்னியர் மடத்து ஆலயமொன்றில் அவரை அடக்கம் செய்தனர்.